வெளிச்சீட்டுகள் இருக்கும் கோப்புறை

ஆவணி 2, திங்கள்

இந்த நோட்டு நூலகர் அமலோற்பவம் டீச்சர் கொடுத்தது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம். தினமும் நடந்ததை எழுத வேண்டும், இல்லாவிட்டால் கை மறந்துவிடும் என்றார்.

என் பெயர் வெயிலுமுத்து. வயது எழுபத்தொன்று. முப்பது வருடம் பஞ்சாலையில் வாயிற்காவல் பார்த்தேன். ஆலை மூடிப் பதினோரு வருடம் ஆகிறது. போன வருடம் சித்திரையில் அவரிடம் எழுத்து படிக்க ஆரம்பித்தேன். இந்த ஆனியில் பரீட்சை எழுதித் தேறினேன். என்னோடு எழுதியவர்கள் பதினான்கு பேர். பதினான்கு பேரும் தேறினார்கள். இருந்தாலும் நான் தேறியதை இங்கே தனியாக எழுதிவைக்கிறேன்.

இவ்வளவு எழுத ஒன்றேகால் மணி நேரம் ஆனது. விரல் வலிக்கிறது. நல்ல வலி.

ஆவணி 3, செவ்வாய்

காலையில் ஒன்பது குடம் தண்ணீர் பிடித்தேன். பிறகு தீப்பெட்டியை வாசித்தேன். பற்பசையை வாசித்தேன். ரேஷன் அட்டையை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். அதில் என் வயது நான்கு குறைவாக இருக்கிறது. கோமுவிடம் சொன்னேன். கோமு என் மனைவி கோமதி.

"அதைச் சத்தமா வாசிக்காதீங்க. இருக்கட்டும், கொறைஞ்சே இருக்கட்டும். வாய்க்குள்ள வாசிக்க வராதா உங்களுக்கு? தெருவே கேக்கு."

வாய்க்குள் வாசிப்பது பெரிய வேலை. எனக்கு இன்னும் வரவில்லை. உதடு அசையாவிட்டால் எழுத்தும் அசைய மாட்டேன் என்கிறது.

நூலகத்துக்குக் கீழத்தெரு வழியாகப் போனேன். வடக்குத் தெரு வழி பக்கம்தான். ஆனால் கீழத்தெருவில் நிழல் உண்டு.

ஆலைக்குள் ஒரு பெண்கள் விடுதி இருந்தது. நூற்று எண்பது பெண்கள். மூன்று வருட ஒப்பந்தம். விடுதி, சாப்பாட்டுக்கூடம், நூற்புக்கூடம் என்று மூன்று இடங்களுக்கு அவர்கள் போகலாம். ஞாயிறு ஒரு மணி நேரம் வார்டனோடு கடைத்தெரு. மற்றபடி வெளியே போக வெளிச்சீட்டு வேண்டும். சீட்டை என்னிடம் கொடுத்தால் நான் பார்த்துவிட்டுக் கம்பியில் குத்திவைப்பேன். என் வேலை வெளியாரை உள்ளே விடாமல் இருப்பது என்று ஊரில் நினைத்தார்கள். உள்ளே வர ஆசைப்பட்ட வெளியார் யாரையும் நான் பார்த்ததில்லை.

ஆலை மூடியபோது கம்பியோடு சீட்டுகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. இரண்டாயிரத்து நானூறு சீட்டுகள். நான் வாசித்துப் பழகுவதற்காகப் போன மாதம் நூலகத்துக்கு எடுத்துப் போனேன். டீச்சர் புது ஸ்கேனருக்கு வேலை கிடைத்தது என்று அத்தனையையும் ஸ்கேன் எடுத்து, கம்ப்யூட்டரில் 'சீட்டு' என்று பெயர் எழுதி ஒரு கோப்புறையில் வைத்திருக்கிறார். கோப்புறை என்றால் பெட்டி. கட்டைத் திருப்பித் தந்துவிட்டார்.

அதில் ஒரு சீட்டை நான் வாசிக்க வேண்டும். எது என்று இப்போது எழுத வேண்டாம்.

ஆவணி 4, புதன்

இன்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். நாற்காலி சுழலும். இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தேன்.

சீட்டுகள் எல்லாம் பென்சிலிலும் கார்பனிலும் எழுதியவை. தாளும் எழுத்தும் வெளிறிவிட்டன. ஸ்கேன் எடுத்ததில் எல்லாத் தாளும் ஒரே வெள்ளையாகத் தெரிகிறது. ஆனால் கம்ப்யூட்டரில் படம் பார்க்கும் ஆப் ஒன்று உண்டு. அதில் திறந்தால் மங்கலான எழுத்தைக் கறுப்பாக்கி, பெரிதாக்கிக் காட்டும். டீச்சர் அந்த ஆப்பைத் திறந்து, 'சீட்டு' கோப்புறையைக் காட்டினார். திரையில் ஒரு கட்டம் வந்தது. நானே வாசித்தேன்.

"அனுமதி மறுக்கப்பட்டது."

ஒரே மூச்சில் வாசித்துவிட்டேன். எங்கேயும் நிற்கவில்லை. டீச்சர் கை தட்டினார். பிறகு, "ஆனா இது நல்ல சேதி இல்லையே அண்ணாச்சி" என்றார்.

எனக்கு நல்ல சேதிதான். முப்பது வருடம் நான் வாயால் சொன்னது எழுத்தில் இப்படி இருக்கும் என்று இன்றுதான் பார்த்தேன். அழகாக இருக்கிறது. இதே வார்த்தையைத் திரும்ப வரவழைக்க ஏழு தடவை சொடுக்கினேன். ஏழு தடவையும் வந்தது. ஒரு தடவைகூட மனசு இளகவில்லை. நல்ல காவலாள்.

ஆவணி 5, வியாழன்

இந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவர் ஜெபராஜ் சார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து மூன்று. சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் இருக்கும். டீச்சர் போன் செய்ததும் வந்துவிட்டார்.

"நாலாயிரம் லைனை ஒத்தை ஆளாப் பாத்தவன் நான். இது ஒரு பெர்மிஷன். ரெண்டு நிமிஷம்."

கோப்புறையின் மேல் வைத்து வலது பக்கம் சொடுக்கினார். யார் வாசிக்கலாம், யார் எழுதலாம் என்று ஒரு பட்டியல் வந்தது. எல்லாருக்கும் எல்லாம் என்று மாற்றினார். ஆப்பைத் திறந்தோம். அனுமதி மறுக்கப்பட்டது.

பிறகு கறுப்புத் திரையில் ஏதோ தட்டினார். "எழுநூத்து எழுபத்தேழு குடுத்துட்டேன். இதுக்கு மேல கடவுளாலயும் குடுக்க முடியாது. ஊர்ல போற வாற எவன் வேணும்னாலும் இந்தப் பெட்டியைத் திறக்கலாம், எழுதலாம், அழிக்கலாம்" என்றார்.

ஆப்பைத் திறந்தோம். அனுமதி மறுக்கப்பட்டது.

ஜெபராஜ் சார் டெஸ்டரை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். ரெண்டு நிமிஷம் என்று அவர் சொன்னது பத்தரை மணிக்கு. போகும்போது ஒன்றே முக்கால்.

ஆவணி 6, வெள்ளி

நூலகம் விடுமுறை. வீட்டில் சீட்டுக் கட்டைத் தேடினேன். கட்டிலுக்கு அடியில்தான் வைத்திருந்தேன். அங்கே ஒரு நீல பிளாஸ்டிக் குடம் இருந்தது.

"ஏளா, இங்க ஒரு பேப்பர்க் கட்டு இருந்துச்சே?"

"கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க. பழைய பேப்பர்காரன் வந்தான், போட்டுட்டேன். நல்ல குடம். மூடியோட குடுத்தான்."

"எப்போ?"

"திங்கக்கிழம. நீங்க நோட்டுல எழுதிக்கிட்டு இருந்தீங்க. கூப்பிட்டேன், உங்க காதுல விழல."

குடம் நல்ல குடம்தான். ஒழுகவில்லை. பத்தாவது குடமாக அதிலும் தண்ணீர் பிடித்தேன்.

இனி அந்தச் சீட்டு ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

ஆவணி 7, சனி

ஜெபராஜ் சார் வந்து கோப்புறையின் சொந்தக்காரரை மாற்றிப் பார்த்தார். அது வரைக்கும் நூலகம்தான் சொந்தக்காரர். இப்போது ரூட் என்று ஒருவர். அவர் யார் என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் மேல உள்ள ஆள்" என்றார். எங்கள் ஆலையிலும் அப்படி ஒருவர் இருந்தார். ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை.

இதன் பலனாகக் கோப்புறையின் மேல் ஒரு சின்னப் பூட்டுப் படம் வந்தது. இப்போது ஆப்புக்கு மட்டும் இல்லை, டீச்சருக்கும் திறக்கவில்லை.

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "சார், காலையில எனக்குத் திறந்துச்சு. நீங்க சரி பண்ண வந்த பொறவு எனக்கும் திறக்கல. இதுக்குப் பேரு ரிப்பேரா?"

"கொஞ்சம் பொறுங்க மேடம்."

"நீங்க டெலிபோனை இப்படித்தான் பாத்தீங்களா? அதான் எல்லாரும் செல்லுக்குப் போயிட்டாங்க."

அவர் பழையபடி நூலகத்தின் பெயருக்கே மாற்றினார். பூட்டுப் படம் போய்விட்டது. ஆப் மட்டும் தன் பேச்சை மாற்றவில்லை. ஜெபராஜ் சாருக்கு முகம் கறுத்துவிட்டது. எழுந்து நின்று சொன்னார்:

"அடுத்த சனிக்கிழமை சி.டி. கொண்டாரேன். அதுக்குள்ள சரியாகலேன்னா எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்ல இருந்து புதுசாப் போட்டுருதேன்."

"எல்லாம்னா சீட்டும் போயிருமா?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற வட்டு ரெண்டும் காலியாத்தான் ஆரம்பிக்கணும். நீங்கதான் வீட்டுல கட்டு வெச்சிருக்கீங்கள்லா, அண்ணாச்சி. திரும்ப ஸ்கேன் எடுத்துக்கிடலாம்."

குடத்தைப் பற்றி நான் சொல்லவில்லை.

வேறு எதிலாவது எடுத்துவைக்க முடியுமா என்று டீச்சரிடம் கேட்டேன். அவரிடம் ஒரு பென் டிரைவ் இருந்தது, மாவு மில்லில் தொலைந்துவிட்டது என்றார். சாவிக்கொத்தில் கோத்து வைத்திருந்தாராம். சாவி கிடைத்துவிட்டது.

ஆவணி 8, ஞாயிறு

கோமு ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு வடக்குத் தெருவுக்குப் போய்வந்தாள். "பேராச்சி நல்ல பொண்ணு. கை சுத்தம். ஆனா நம்ம வீட்டுப் பேச்சை எடுத்தா மட்டும் ஊசியில நூல் கோக்க ஆரம்பிச்சிருதா. நீங்க ஏன் எப்பவும் கீழத்தெரு வழியாப் போறீங்க?"

"அங்கே நிழல் உண்டு."

"கீழத்தெருவுல எந்த மரம்?"

நான் காலண்டரை வாசிக்க ஆரம்பித்தேன். அதில் ராகுகாலம், எமகண்டம் எல்லாம் இருக்கிறது.

வடக்குத் தெருவில் அந்தத் தையல்கடை வந்து இரண்டு வருடம் ஆகிறது. வாசலில் ஒரு பலகை உண்டு. தினமும் அதைத் தாண்டித்தான் போய்வந்தேன். வைகாசியில் ஒருநாள் பலகையை வாசித்துவிட்டேன். 'பேராச்சி தையலகம்.' அதற்கு அப்புறம்தான் கீழத்தெரு.

எழுத்து தெரிந்தால் இப்படியும் ஆகும் என்று டீச்சர் சொல்லித் தரவில்லை.

ஆவணி 9, திங்கள்

இன்று ஒன்று நடந்தது.

மத்தியானம் டீச்சர் தன் மகள் அனுப்பிய குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். அதே ஆப். குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அனுமதி மறுக்கப்படவில்லை.

"டீச்சர், இது எந்தப் பெட்டியில இருக்கு?"

"இதா? 'படங்கள்'னு ஒரு ஃபோல்டர். கம்ப்யூட்டரோடயே வந்தது."

"சீட்டு அங்க இல்லையா?"

"அங்க இடம் இல்ல அண்ணாச்சி. அதான் ரெண்டாவது வட்டுல வெச்சேன்."

ஒரு சீட்டை மட்டும் நகலெடுத்துப் 'படங்க'ளில் போடச் சொன்னேன். ஆப்பில் திறந்தது. எழுத்து கறுப்பாக நின்றது. யாரோ ஒரு பெண்ணுக்குப் பல் வலி, ஒரு மணி நேரம் அனுமதி. நான் வாசிக்க வேண்டிய சீட்டு இல்லை. அந்தப் பெண்ணுக்குப் பல் சரியாகியிருக்கும்.

பத்துப் பத்தாக நகலெடுத்துப் பார்க்கலாமா என்றார் டீச்சர். இரண்டாயிரத்து நானூறு இருக்கிறது. சனிக்கிழமைக்குள் முடியாது. ஜெபராஜ் சாருக்குப் போன் போடச் சொல்லி, நானே வாங்கிப் பேசினேன்.

"சார், நீங்க பெட்டியோட பூட்டைத்தானே மாத்திக்கிட்டே இருக்கீங்க?"

"ஆமா. அதுலதானே சிக்கல்?"

"எங்க ஆலையில நூத்தி எம்பது புள்ளைக இருந்துச்சு. நீங்க போயி ஊர்ச் சந்தைக் கதவை நல்லாத் தொறந்து போட்டு, எல்லாரும் வரலாம்னு எழுதி வெச்சா, அந்தப் புள்ளைக சந்தைக்கு வந்திருமா?"

"அது எப்படி வரும்?"

"வராது சார். ஆலைக் கேட்டு எங்கிட்டல்லா இருக்கு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். அவருக்குத் தெரியாத லைனா.

"அண்ணாச்சி. அந்த ஆப்பை நான் ஆப் கடையில இருந்து இறக்கினேன். அந்தக் கடையில வாற ஆப்பு ஒவ்வொண்ணையும் தனித்தனி ரூம்ல அடைச்சுத்தான் வைப்பான். ரூமுக்குள்ள 'படங்கள்' இருக்கு. ரெண்டாவது வட்டு இல்ல. நான் பெட்டியில போயி... அட, அஞ்சு நாளா நான் பெட்டியில போயி..."

"எதுக்கு அடைச்சு வைக்கான்?"

"பாதுகாப்புக்குத்தான். அது வெளிய போயி எதையும் கெடுத்துரக் கூடாதுல்லா."

எங்கள் ஆலையிலும் அதையேதான் சொன்னார்கள்.

ஆவணி 10, செவ்வாய்

காலை ஒன்பது மணிக்கே ஜெபராஜ் சார் வந்து நூலக வாசலில் நின்றார். டீச்சர் வந்து திறக்கும் வரை இருவரும் பேப்பர் வாசித்தோம். அவர் வாய்க்குள் வாசித்தார்.

புதிதாக ஒரு ஆப் இறக்கினார். அதைத் திறந்தால் மற்ற எல்லா ஆப்களின் பெயரும் வரிசையாக வருகின்றன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அது எங்கே போகலாம், எதைப் பார்க்கலாம், எதைத் தொடலாம் என்று எழுதி, பக்கத்தில் ஒரு சுவிட்ச். நான் எழுந்து நின்றுவிட்டேன். இப்படி ஒரு நோட்டு வாசலில் வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தோன்றியிருந்தாலும் யார் வாசிப்பது.

ஜெபராஜ் சார் 'எல்லாக் கோப்புகளும்' என்ற சுவிட்ச் பக்கம் போனார்.

"அது வேண்டாம் சார்."

"ஏன்? ஒரே தட்டு. தீந்துது."

"அதுக்கு இந்த ஒரு பெட்டி போதும். அதுவும் பாக்க மட்டும். எழுத வேண்டாம். கை தவறிச் சீட்டைத் திருத்திட்டா?"

"திருத்தினா என்ன? உங்க வீட்டுலதான் கட்டு இருக்கே."

அப்போதுதான் குடத்தைப் பற்றிச் சொன்னேன். டீச்சர் நெற்றியில் கை வைத்தார். ஜெபராஜ் சார் என்னைப் பார்த்தார். பிறகு, சனிக்கிழமை சி.டி. கொண்டுவருவதாகச் சொன்னதை நினைத்துக்கொண்டார் போல. தண்ணீர் கேட்டுக் குடித்தார். அதற்கு அப்புறம் ஒவ்வொரு எழுத்தாக, பரீட்சையில் நான் எழுதியது மாதிரி, அந்தக் கோப்புறையின் முழு முகவரியையும் அடித்தார். கடைசியில் பார்க்க மட்டும் என்று ஒரு குறிப்புச் சேர்த்தார்.

ஆப்பில் பார்த்தோம். அனுமதி மறுக்கப்பட்டது.

ஜெபராஜ் சார் முகவரியைத் திரும்ப ஒரு தடவை சரிபார்த்தார்.

"சார், ஆப்பு நேத்துல இருந்தே தொறந்து கிடக்கு. உள்ள இருக்கிற ஆளுக்குச் சட்டம் மாறினது தெரியுமா?" என்று கேட்டேன். ஆலையில் ஞாயிறு ஒரு மணி நேரம் என்பதை இரண்டு மணி நேரம் ஆக்கினார்கள். பெண்களுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆப்பை மூடித் திரும்பத் திறந்தார். சீட்டுகள் வந்தன. முதல் சீட்டு, இரண்டாம் சீட்டு, மூன்றாம் சீட்டு. கறுப்பாக, பெரிதாக.

ஜெபராஜ் சார் எனக்குக் கை கொடுத்தார்.

ஆவணி 11, புதன்

காலை பத்து முதல் மாலை ஐந்து வரை வாசித்தேன். அக்கா கல்யாணம். காதுகுத்து. அம்மை. தலைவலி. கண் ஆஸ்பத்திரி. கோயில் கொடை. பாட்டி சாவு. அதே பெண்ணுக்கு மறுபடியும் பாட்டி சாவு. அடுத்த பங்குனியில் மூன்றாவது பாட்டி. மூன்று பாட்டிக்கும் நான் வாசலைத் திறந்திருக்கிறேன். மஞ்சள் தாளும் ஊதா சீலும் இருந்தால் திறப்பேன். எழுத்தையும் பார்ப்பேன். பார்ப்பேன், அவ்வளவுதான்.

"அண்ணாச்சி, எதையோ தேடுதீங்களோ?" என்றார் டீச்சர்.

"இல்ல. பழகுதேன்."

அறுநூற்று முப்பது முடிந்தது.

ஆவணி 12, வியாழன்

தொள்ளாயிரத்துப் பதினான்காவது சீட்டு. இன்று எழுத ஒன்றும் இல்லை.

ஆவணி 13, வெள்ளி

விடுமுறை. தண்ணீர் வரவில்லை. கோமு தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள். நேரம் இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

பதினாறு வருடத்துக்கு முன்னால் பங்குனி மாதம், பகல் மூன்று மணி. விடுதிப் பெண் ஒருத்தி வாசலுக்கு ஓடி வந்தாள். பதினெட்டு வயது இருக்கும். பெயர் பேராச்சி. கையில் சீட்டு. அது மஞ்சள் தாள் இல்லை. கோடு போட்ட நோட்டில் கிழித்த வெள்ளைத் தாள், பென்சில் எழுத்து. சீல் இல்லை. பெரிய வார்டன் அன்று ஊரில் இல்லை.

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். எப்போதும் பார்க்கும் நேரம் பார்த்தேன். யார் வந்து நின்றாலும் அந்த நேரம் பார்ப்பேன், அப்போதுதான் வாசிக்கிறான் என்று நினைப்பார்கள். பிறகு சொன்னேன்: "இது செல்லாது."

"அண்ணாச்சி, நல்லா வாசிச்சுப் பாருங்க."

"வாசிச்சாச்சு."

அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டருகில் இருட்டும் வரை நின்றாள். மறுநாள் காலையில் பெரிய வார்டன் வந்து, சீல் வைத்த சீட்டோடு அவளை அனுப்பினார். அதற்கு முந்தின சாயங்காலமே பாளையங்கோட்டையில் அவள் அப்பா இறந்துபோனார். பிறகு அவள் ஆலைக்குத் திரும்பவில்லை.

அந்த வெள்ளைத் தாளை நான் கிழித்துப் போட்டிருக்கலாம். கம்பியில் குத்திவைத்தேன். சீல் இல்லாத சீட்டுக்கு விடக் கூடாது என்பது சட்டம். சட்டப்படிதான் செய்தேன் என்று இத்தனை நாளும் வைத்திருந்தேன். அதில் விடச் சொல்லி எழுதியிருக்காது, சும்மா ஏதோ கிறுக்கிக் கொண்டுவந்திருப்பாள் என்றும் வைத்திருந்தேன். இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்வேன்.

நேற்று வாசித்தது இது. பார்த்து எழுதிவந்தேன்.

'வாட்ச்மேன் அண்ணாச்சிக்கு. இந்தப் பெண் பேராச்சியின் தகப்பனாருக்கு ஆஸ்பத்திரியில் ரொம்ப முடியவில்லை. உடனே வெளியே விடவும். சீல் பெரிய வார்டன் அறையில் பூட்டி இருக்கிறது. அவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். சந்தேகம் இருந்தால் என்னைக் கூப்பிடவும். சின்ன வார்டன்.'

சின்ன வார்டன் அறை வாசலிலிருந்து நாற்பது அடி.

ஆவணி 14, சனி

ஜெபராஜ் சார் சி.டி. கொண்டுவந்துவிட்டார். சொன்ன வாக்கு என்றார். அதை டீக்குவளைக்கு அடியில் வைத்துக்கொண்டார். டீச்சர் வாங்கிவந்த புது பென் டிரைவில் சீட்டுகளை எல்லாம் நகலெடுத்து வைத்தோம். இந்தத் தடவை சாவிக்கொத்தில் கோக்கவில்லை.

தொள்ளாயிரத்துப் பதினான்கை மட்டும் தாளில் அச்செடுத்துத் தரச் சொன்னேன். டீச்சர் எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது வாசித்துவிட்டார். அவருக்கு வாய்க்குள் வாசிக்க வரும். ஒரு உறை தேடிக் கொடுத்தார்.

ஆவணி 15, ஞாயிறு

போகவில்லை. முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி. நாள் முழுக்க அதற்கே சரியாக இருந்தது.

ஆவணி 16, திங்கள்

வடக்குத் தெருவுக்குப் போனேன். பலகையைச் சத்தமாக வாசித்துவிட்டேன். பழக்கம். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கோமு அக்கா ரவிக்கைக்கா?"

"இல்ல. ஒரு சீட்டு."

உறையிலிருந்து எடுத்து நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தாள். தையல் மிஷின் நின்றுவிட்டது.

"இது எனக்குத் தெரியும். விடுதியில இருந்து கேட்டு வரைக்கும் இதை வாசிச்சுக்கிட்டேதானே ஓடி வந்தேன்."

"நான் இப்பத்தான் வாசிச்சேன்."

"இப்பத்தானா?"

"வியாழக்கிழமை. எழுத்து படிச்சதே போன வருஷந்தான். ஆனியில தேறினேன்."

"அன்னைக்கு வாசிச்சாச்சுன்னு சொன்னீங்க."

"வாசிக்கல. வாசிக்கத் தெரியாது."

அவள் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தாள். கோமு சொன்னது சரிதான். ஆனால் நூல் நுழையவில்லை. நான்கைந்து தடவை பார்த்துவிட்டு வைத்துவிட்டாள்.

"அப்பா சாகக் கெடக்குன்னு வாசிச்சுத் தெரிஞ்சுக்கிட்டும் இந்த மனுசன் விடலையேன்னுதான் பதினாறு வருஷமா நினைச்சுக்கிட்டு இருக்கேன். இந்தத் தெருவுல நீங்க போகும்போதெல்லாம் அதைத்தான் நினைப்பேன்."

நான் தாளை நீட்டியபடியே நின்றேன்.

"வாசிங்க பாப்போம்."

"இங்கயா?"

"இங்கதான். எனக்குக் கேக்கணும்."

வாசித்தேன். நேரம் ஆனது. ரவிக்கை வாங்க ஒரு அம்மாள் வந்து, நான் வாசிப்பதைப் பார்த்து, பிறகு வருகிறேன் என்று போய்விட்டார். 'சந்தேகம் இருந்தால் என்னைக் கூப்பிடவும்' என்பதில் எனக்கு நின்றுவிட்டது. அவள் அவசரப்படுத்தவில்லை. முழுவதும் வாசித்து முடித்தேன்.

"தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வாசிச்சுக் காட்டியிருப்பேனே, அண்ணாச்சி."

"வெளிய போறவ வாசிச்சா காவக்காரன் நம்ப மாட்டான்."

"அப்ப சின்ன வார்டனைக் கூப்பிட்டிருக்கலாம்லா?"

"கூப்பிட்டிருக்கலாம்."

"ஏன் கூப்பிடல?"

"கூப்பிட்டா நான் வாசிக்கலேன்னு தெரிஞ்சிரும்."

இதை இப்போது எழுதும்போது மூன்று வரிதான் இருக்கிறது. அங்கே நின்று சொல்ல ரொம்ப நேரம் ஆனது.

அவள் கையை நீட்டினாள். தாளைக் கொடுத்தேன். நான்காக மடித்து மிஷின் பெட்டிக்குள் வைத்து மூடினாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை. நான் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றேன். அது அவள் கடை.

"சரி, போங்க" என்றாள்.

திரும்பி நான்கு எட்டு வைத்திருப்பேன்.

"அண்ணாச்சி, ரவிக்கை தச்சாச்சு. எடுத்துக்கிட்டுப் போங்க."

அலமாரியில் ஏழெட்டுப் பைகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய துண்டுச் சீட்டு. அவள் எடுத்துத் தரவில்லை. மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். நானே படி ஏறி, ஒவ்வொரு பெயராக வாசித்து, கோமதி என்று எழுதியதை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

வீட்டில் கோமு போட்டுப் பார்த்தாள். அவளுடையதுதான்.

ஆவணி 17, செவ்வாய்

தண்ணீர் பத்துக் குடம். நூலகத்துக்கு வடக்குத் தெரு வழியாகப் போனேன். நிழல் இல்லை. பேராச்சி குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. நானும் நிற்கவில்லை. போகிற போக்கில் பலகையை ஒரு தடவை வாசித்தேன், உதடு அசையவில்லை. வாய்க்குள் வாசிக்க வந்துவிட்டது.